+7 701, +1 876, +960: திருப்பி எடுத்தா ரீலோட் காலி. போற கோலை மட்டும் பூட்ட வழி இருக்கா?

கேள்வி: கொமியூனிகேஷன்_ஹட்டன்

ரீலோட் போட வர்ற தோட்டத்து ஆளுங்க போனை நீட்டி, “இது எந்த நாட்டு நம்பரு, நம்ம புள்ளையோடதா பாருங்க”ன்னு கேக்குறாங்க. எல்லாம் ஒரே ஒரு தடவை அடிச்சு நின்ன மிஸ்கோல். +7 701, +1 876, +960, +371ன்னு விதவிதமா இருக்கு. மகளோ மருமகளோ சவூதியில, குவைத்துல இருக்குற வீடுங்க. புது சிம் போட்டிருப்பாளோன்னு திருப்பி எடுக்குறாங்க, போட்ட ரீலோட் அப்படியே போயிருது.

மூணு விஷயம் தெரியணும்.

நம்பர் முன்னால உள்ள கோட்டைப் பாத்து நாட்டைச் சொல்ல முடியுமா? +1ன்னா அமெரிக்கான்னு சொல்லி அனுப்பலாமா?

திருப்பி எடுத்தா வெட்டுற காசு யாருக்குப் போகுது?

வெளிநாட்டு கோல் உள்ளே வரணும், இங்க இருந்து வெளிநாட்டுக்குப் போறது மட்டும் நிக்கணும். பட்டன் போன். வழி இருக்கா?

இன்னொண்ணு: “இந்த நம்பரைத் தூக்கினா 3 செக்கன்ல உங்க நம்பர் லிஸ்ட், பேங்க் விபரம் எல்லாம் களவு போயிரும், #90 அமுக்கச் சொன்னா அமுக்காதீங்க”ன்னு வாட்ஸ்அப்ல சுத்துது. நெசமா?

---

பதில் 1: டயல்டோன்

கடைசிக் கேள்வி சுலபம், அதை முதலில் முடித்துவிடுகிறேன். பொய். சாதாரண குரல் அழைப்பில் குரல்தான் போகும், வரும். போனுக்குள் இருக்கும் பெயர்ப் பட்டியலை அந்த வழியாக எடுக்க முடியாது. #90 கதை பழைய அலுவலக எக்ஸ்சேஞ்ச் காலத்தது. பிபிஎக்ஸ் எனப்படும் அந்த எக்ஸ்சேஞ்ச்கள் சிலவற்றில் 9 அமுக்கினால் வெளி லைன் கிடைக்கும். ஆபரேட்டரை ஏமாற்றி 90# அமுக்க வைத்தால் அந்த நிறுவனத்தின் லைனில் வெளியே பேசலாம். கைப்பேசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இந்த வதந்தியால் ஒரு கெடுதல் உண்டு: ஆட்கள் தூக்கவே பயப்படுகிறார்கள், மிஸ்கோலைத் திருப்பி எடுக்கப் பயப்படுவதில்லை. இருக்க வேண்டியது தலைகீழாக. இங்கே நம் சிம்முக்கு வரும் வெளிநாட்டு அழைப்பைத் தூக்கினால் காசு வெட்டுப்படாது. திருப்பி எடுத்தால்தான் வெட்டுப்படும்.

இப்போது கோட். “+1 என்றால் அமெரிக்கா” என்று சொல்லி அனுப்பாதீர்கள். ஐடியு என்ற சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்தான் கோட்களை ஒதுக்குகிறது. அதன் இ.164 விதிப்படி கோட் 1 முதல் 3 இலக்கம், முழு நம்பர் கோட்டோடு சேர்த்து அதிகபட்சம் 15 இலக்கம். ஆனால் ஒரு கோட் ஒரு நாடு என்று எங்கும் விதி இல்லை. +1ஐ அமெரிக்காவும் கனடாவும் மட்டுமல்ல, கரீபியன் தீவுகள் பலவும் சேர்ந்து பாவிக்கின்றன. அடுத்த மூன்று இலக்கம்தான் இடத்தைச் சொல்லும்: 876 ஜமைக்கா, 809 டொமினிக்கன் குடியரசு, 473 கிரெனடா, 268 அன்டிகுவா, 649 டர்க்ஸ் அன்ட் கைகோஸ், 284 பிரிட்டிஷ் வேர்ஜின் தீவுகள். 416, 647 என்றால் டொரொன்டோ. எல்லாமே 11 இலக்கம், பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

+7 ரஷ்யாவும் கஸகஸ்தானும். சோவியத் காலத்துக் கோட் அது. 1991இல் ஒன்றியம் உடைந்த பிறகு லத்வியா 371, பெலருஸ் 375, உக்ரைன் 380 என்று ஒவ்வொன்றும் தனிக் கோட் எடுத்துக்கொண்டன, கஸகஸ்தான் மட்டும் ரஷ்யாவோடு +7இலேயே நின்றுவிட்டது. +7 9 என்று தொடங்கினால் ரஷ்யக் கைப்பேசி, +7 70, +7 77 என்றால் கஸகஸ்தான். +44இல் ஜேர்சி (1534), கேர்ன்சி (1481), ஐல் ஒப் மேன் (1624) மூன்றும் ஒளிந்திருக்கின்றன. அவை ஐக்கிய இராச்சியத்தின் பகுதிகளே அல்ல, ஆனாலும் கோட் ஒன்றுதான். +39இல் இத்தாலியோடு வத்திக்கான், +212இல் மொரோக்கோவோடு மேற்கு சஹாரா, +262இல் ரியூனியனோடு மயோட். கொசோவோவுக்கு +383 கிடைக்கும்வரை அங்கே லான்ட்லைனுக்கு சேர்பியாவின் 381, கைப்பேசிக்கு மொனாக்கோவின் 377, ஸ்லோவேனியாவின் 386 என்று இரவல் கோட்தான் ஓடியது.

நாடே இல்லாத கோட்களும் உண்டு. +881 சட்டலைட் போன், +870 கப்பல்களில் உள்ள இன்மார்சட், +882, +883 சர்வதேச வலையமைப்புகள். +979 தெரிந்தே அதிகக் கட்டணம் அறவிடுவதற்காக ஒதுக்கிய கோட். கட்டாருக்கு 974, பஹ்ரைனுக்கு 973 என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு 979 வித்தியாசமாகவே தெரியாது.

---

பதில் 2: பதுளை055

டயல்டோன் அண்ணன் சொன்னதோட ஒண்ணு சேத்துக்கணும். நம்ம மலைநாட்டு ஆளுங்க ஏமாறுறதுக்குத் தனியா ஒரு காரணம் இருக்கு. நம்ம ஏரியா கோட்ல முன்னால உள்ள 0வை எடுத்துட்டு + போட்டுப் பாருங்க:

051 ஹட்டன், +51 பெரு
052 நுவரெலியா, +52 மெக்சிகோ
054 நாவலப்பிட்டி, +54 ஆர்ஜென்டினா
055 பதுளை, +55 பிரேசில்
057 பண்டாரவளை, +57 கொலம்பியா
066 மாத்தளை, +66 தாய்லாந்து
081 கண்டி, +81 ஜப்பான்

“+52” பாத்தா ‘நுவரெலியா ஆஸ்பத்திரியில இருந்தோ என்னவோ’ன்னு தோணும். கஸகஸ்தான் நம்பர் இன்னும் மோசம். +7701ன்னு ஸ்கிரீன்ல சேந்து விழும்போது கண்ணு 077ன்னுதான் படிக்கும். பட்டன் போன்ல இலக்கத்துக்கு நடுவுல இடைவெளியும் இருக்காது.

தப்பா சேவ் பண்றதும் இதுலதான் வரும். வெளிநாட்டுல இருக்குற புள்ளைக்கு வீட்டு லான்ட்லைன் நம்பர் அனுப்பும்போது ‘+ போடணும்’ன்னு மட்டும் ஞாபகம் வச்சு, 94ஐ விட்டுட்டு +51 2… ன்னு எழுதிக் குடுப்பாங்க. அந்தப் புள்ள அங்க இருந்து எடுத்தா அது பெருவுக்குத்தான் போகும்.

கடையில வச்சுப் பாக்க லேசான சோதனை: இலங்கை நம்பர்னா +க்கு அப்புறம் 94, அதுக்கப்புறம் சரியா 9 இலக்கம். மொத்தம் 11. இலக்கத்தை மட்டும் எண்ணி நிறுத்தாதீங்க, +1ம் +7ம்கூட 11தான். முன்னால 94 இருக்கான்னு பாத்துட்டு எண்ணுங்க.

வளைகுடா நம்பருக்கும் அளவு இருக்கு. சவூதி மொபைல் +966 5, அதுக்குப் பின்னால 8 இலக்கம். டுபாய் பக்கம் +971 5, பின்னால 8. குவைத் 965, கட்டார் 974, ஓமான் 968 மூணுக்கும் கோட்டுக்குப் பிறகு 8 இலக்கம் மட்டும். ஜோர்தான் வளைகுடா இல்ல, ஆனா அதுக்கும் அளவு இருக்கு: +962 7, பின்னால 8. 96ல தொடங்குற எல்லாம் வளைகுடான்னு நெனைக்கக் கூடாது: 960 மாலைதீவு, 963 சிரியா, 967 யேமன். 969ம் 978ம் இப்போ எந்த நாட்டுக்கும் இல்ல. 969 பழைய தெற்கு யேமனோடது. அதுல இருந்து மிஸ்கோல் வந்தா யோசிக்கவே வேணாம், அந்த நம்பர்ல மனுஷனே கிடையாது.

---

பதில் 3: சிக்னல்_இல்லை

ட்ரூகோலர் போட்டா முடிஞ்சது. சிவப்பா காட்டும்.

---

பதில் 4: டயல்டோன்

கேட்டவர் பட்டன் போன் என்று எழுதியிருக்கிறார். ஸ்மார்ட் போனாக இருந்தாலும் அந்த ஆப் ஏற்கெனவே மற்றவர்கள் புகார் செய்த நம்பரைத்தான் காட்டும். இவர்கள் ஒரு வரிசை நம்பரை ஒரு நாள் பாவித்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விடுவார்கள். போனிலே ஒவ்வொரு நம்பராக பிளொக் பண்ணுவதும் அதே கதைதான்.

காசு எங்கே போகிறது என்ற கேள்விக்கு வருகிறேன். இந்த ஒரே அடி மிஸ்கோலுக்கு ‘வான்கிரி’ என்று பெயர். ஜப்பானில் வைத்த பெயர்: வான் என்றால் ஒன்று, கிரி என்றால் வெட்டுவது. கணினி ஒன்று ஆயிரக்கணக்கான நம்பர்களுக்கு வரிசையாக எடுத்து, ஒரு அடி அடித்ததும் வெட்டிவிடும். தூக்காத கோலுக்குக் கட்டணம் இல்லை என்பதால் அவர்களுக்குச் செலவு கிட்டத்தட்ட இல்லை.

நீங்கள் திருப்பி எடுத்தால் உங்கள் நிறுவனம் அதை ஒரு இடைநிலை கேரியரிடம் (கோலைக் கடத்திவிடும் நிறுவனம்) கொடுக்கும், அது இன்னொன்றிடம், கடைசியில் அந்தத் தீவின் நிறுவனத்திடம் போய்ச் சேரும். ஒவ்வொரு நிமிடத்துக்கும் கோலைக் கொடுப்பவர் அதை வாங்குபவருக்குக் காசு கொடுக்க வேண்டும். சில நாடுகளில் இந்த முடிவிடக் கட்டணம் மிக அதிகம். அந்த நாட்டு நம்பர் வரிசையை வாடகைக்கு எடுத்தவனுக்கு அதில் பங்கு. மோசடிக்காரன் வாழ்வது இந்தப் பங்கில்தான். சில வேளை கோல் அந்த நாட்டுக்குப் போவதே இல்லை. நடுவில் உள்ள ஒரு கேரியர் அதைத் தன்னிடமே நிறுத்தி ஒரு ரெக்கோர்டிங்கில் விட்டுவிட்டு, போய்ச் சேர்ந்ததாகக் கணக்குக் காட்டும். அதனால் ‘ஜமைக்காக்காரன் ஏமாத்திட்டான்’ என்பதும் சரியில்லை. ஜமைக்காவில் ஒரு ஆளும் இதில் சம்பந்தப்படாமலே இருக்கலாம். நம்பர் எந்த நாட்டுடையது என்பது வேறு, காசு யார் கைக்குப் போகிறது என்பது வேறு.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்கும். திருப்பி எடுக்க வைப்பவன் காட்டும் நம்பர் அவனுக்குக் காசு தரும் நம்பராக இருக்க வேண்டும், அதனால்தான் விசித்திரமான கோட்கள். பேங்க்கில் இருந்து பேசுகிறோம், பரிசு விழுந்திருக்கிறது என்று பேச்சில் ஏமாற்றுபவனுக்கு அந்தத் தேவை இல்லை. அவன் கொழும்பு 011 நம்பரைக்கூடப் போலியாகக் காட்டுவான், ஏனென்றால் காட்டும் நம்பரை நிரப்புவது அழைப்பு புறப்படும் பக்கம்.

ஸ்கிரீனில் ஒன்றைக் கவனிக்கச் சொல்லுங்கள். திருப்பி எடுத்த பிறகு காதில் ‘ட்ரிங்… ட்ரிங்’ என்று அடித்துக்கொண்டே இருக்கும், யாரும் தூக்காத மாதிரி. ஆனால் ஸ்கிரீனில் 00:01, 00:02 என்று நேரம் ஓடும். மறுமுனை தூக்கினால்தான் நேரம் ஓடத் தொடங்கும். அதாவது காதில் கேட்பது ரெக்கோர்ட் பண்ணிய ரிங் சத்தம், காசு ஓட ஆரம்பித்துவிட்டது. நேரம் ஓடுவதைக் கண்டால் அந்த நொடியே வெட்ட வேண்டும். ‘இன்னும் தூக்கல, கொஞ்சம் பாப்போம்’ என்று பிடித்துக்கொண்டிருப்பதில்தான் ரீலோட் கரைகிறது. ‘தயவுசெய்து காத்திருங்கள்’, பாட்டு, குழந்தை அழுகிற சத்தம் எல்லாம் இதே வேலைக்குத்தான்.

ஐடிடி (வெளிநாட்டு நேரடி அழைப்பு) பெக்கேஜ் போட்டவர்களும் இதிலேயே மாட்டுகிறார்கள். பில்லிங் கணினி கோட்டை மட்டும் பார்ப்பதில்லை, பொருந்துகிற மிக நீளமான முன்னிலக்கத்தைத்தான் பார்க்கும். 1 ஒரு விலை, 1876 வேறு விலை. ‘அமெரிக்கா, கனடா’ பெக்கேஜில் கரீபியன் தீவுகள் பெரும்பாலும் அடங்காது. +44 லான்ட்லைன் பெக்கேஜ் போட்டு +4470 என்ற தனிநபர் நம்பருக்கு எடுத்தாலும் இதே நிலைதான்.

---

பதில் 5: பதுளை055

பூட்டுற வழிக்கு வருவோம். போனைப் பூட்டிப் பிரயோசனமில்ல, நெட்வேர்க்ல பூட்டணும். அப்பத்தான் சிம்மை வேற போன்ல போட்டாலும் நிக்கும். ஜிஎஸ்எம்ங்கிற மொபைல் நெட்வேர்க் முறையில இதுக்குன்னே ஒரு வசதி ஆரம்பத்துல இருந்தே இருக்கு, கோல் பாரிங். பட்டன் போன்லயும் வேல செய்யும்.

பூட்ட: *331*பின்# அமுக்கி கோல் பட்டன்.
பாக்க: *#331#
திறக்க: #331*பின்#

331ன்னா வெளிநாட்டுக்குப் போற கோல் மட்டும். உள்ளே வர்றதுக்கு ஒண்ணும் ஆகாது, சவூதியில இருந்து வர்றது வழமை போல வரும். உள்நாட்டு கோலும் போகும். குரல் கோலை மட்டும் பூட்டணும்னா *331*பின்*11#. அவசரத்துல 331க்குப் பதிலா 33ன்னு அடிச்சிராதீங்க, 33 போற கோல் எல்லாத்தையும் பூட்டிரும்.

இந்த பின் சிம் திறக்குற பின் இல்ல, கோல் பாரிங்குக்குத் தனி பின். சாதாரணமா 0000 அல்லது 1234, நெட்வேர்க்குக்கு நெட்வேர்க் மாறும். தொடர்ந்து மூணு தடவ தப்பா அடிச்சா இந்த வசதியே பூட்டிக்கும், அப்புறம் கஸ்டமர் கேர்தான் திறக்கணும். அதனால குத்துமதிப்பா அடிக்காம முதல்ல கஸ்டமர் கேருக்கு எடுத்து “ஐடிடி அவுட்கோயிங் பாரிங் பின் என்ன”ன்னு கேளுங்க. சில இணைப்புல இந்தக் கோட் அடிச்சா பிழைன்னு வரும், குறிப்பா 4ஜியில. அப்ப அவங்களையே “ஐடிடி அவுட்கோயிங் மட்டும் நிறுத்துங்க”ன்னு சொன்னா முடிஞ்சுது. ‘ரோமிங் நிறுத்து’ன்னு சொல்லிராதீங்க, அது வேற.

பூட்டினதும் சோதிக்க: *#331# அடிச்சு வர்ற செய்தியப் படிங்க. வெளிநாட்டு நம்பருக்கு எடுத்துச் சோதிக்காதீங்க, பூட்டு விழலைன்னா அதுக்கும் காசு.

வாட்ஸ்அப் கோல் டேட்டாவுல போறதால இந்தப் பூட்டு அதத் தொடாது. புள்ளைகிட்ட வாட்ஸ்அப்ல பேசுறவங்களுக்கு அது நல்லதுதான். தெரியாத வெளிநாட்டு நம்பர்ல இருந்து வாட்ஸ்அப் கோல் வந்தா தூக்கினாலும் திருப்பி எடுத்தாலும் வான்கிரி மாதிரி காசு வெட்டாது. அங்க ஆபத்து வேற: வேலை தர்றேன்னு பேச்சு, ஓடிபி கேக்குறது. செட்டிங்ஸ், பிரைவசி, கோல்ஸ் போய் தெரியாத நம்பரை சைலன்ட் பண்ற பட்டனைப் போட்டு விடுங்க.

---

பதில் 6: எக்ஸ்டென்ஷன்_100

சிம் பகுதி சரியாகச் சொல்லிவிட்டார்கள். நுவரெலியா, எல்ல பக்கம் கெஸ்ட் ஹவுஸ்களிலும் தொழிற்சாலை ஒபிஸ்களிலும் சிறிய ஐபி பிபிஎக்ஸ் (இன்டர்நெட் வழி ஓடும் அலுவலக எக்ஸ்சேஞ்ச்) வைத்திருப்பவர்கள் இதை வாசித்தால்: அதே காசு வழி, ஆனால் அடி பல மடங்கு. சிம்மில் போவது ரீலோட் அளவுதான். பிபிஎக்ஸ் உடைந்தால் மாதக் கடைசியில் பில் வரும்.

உடைவது பெரும்பாலும் மூன்று வாசலால். முதலாவது, எக்ஸ்டென்ஷன் (உள் லைன்) 100க்குப் பாஸ்வேர்டும் 100. இரண்டாவது, வெளியே இருந்து பேச வசதியென்று ரவுட்டரில் 5060 போர்ட்டைத் திறந்துவிட்டிருப்பது. திறந்தால் ஸ்கேன் பண்ணும் புரோகிராம்கள் நிமிடக் கணக்கில் வந்து தட்டும். மூன்றாவது, யாரும் யோசிக்காதது: வொய்ஸ் மெயில் பின்னை 1234இலேயே விட்டிருப்பது. அதற்குள் நுழைந்து எக்ஸ்டென்ஷனை வெளிநாட்டு நம்பருக்கு போர்வர்ட் பண்ணிவிட்டு, உள்ளூர் நம்பரில் இருந்து உங்கள் லைனுக்கு எடுப்பார்கள். உங்கள் பிபிஎக்ஸே காசு கொடுத்து வெளிநாட்டுக்கு இணைத்துவிடும்.

பெரும்பாலும் வெள்ளி இரவு தொடங்கித் திங்கள் காலைவரை, அல்லது போயா தினத்தில் நடக்கும். ஒபிஸில் ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் வருவார்கள்.

வெளியே போகும் கோலுக்கான அவுட்பவுண்ட் ரூட்டில் “00, பிறகு எதுவும்” என்று ஒரு வரி இருந்தால் அதை முதலில் அழியுங்கள். தேவையான முன்னிலக்கங்களை மட்டும் ஒவ்வொன்றாகச் சேருங்கள்: 00965, 00966, 00971, 00974, 0091. 001ஐ முழுதாகத் திறக்க வேண்டாம், டொரொன்டோவுக்கு 001416, 001647, 001437 போதும். 0044ம் அப்படித்தான். 00441 என்று திறந்தால் ஜேர்சி, கேர்ன்சி, ஐல் ஒப் மேன் மூன்றும் கூடவே திறந்துவிடும், 00447 என்றால் 004470. இவற்றுக்குத் தடை வரியை மேலே போடுங்கள். ஒரே நேரத்தில் ஒரு வெளிநாட்டு கோலுக்கு மேல் போகாதபடி ட்ரங்கில் (வெளி லைனில்) எல்லை வையுங்கள். இரவு 8 முதல் காலை 6 வரை ஐடிடி ரூட்டே மூடியிருக்கட்டும். லைன் தரும் நிறுவனத்திடம் மாத ஐடிடி எல்லை ஒன்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உங்கள் பக்கம் எல்லாம் உடைந்தாலும் அந்த எல்லை மட்டும் அவர்கள் பக்கம் நிற்கும்.

---

கொமியூனிகேஷன்_ஹட்டன்

எல்லாருக்கும் நன்றி அண்ணே. *#331# ரெண்டு போன்ல பாத்தேன், பதில் வருது. இன்னும் ரெண்டு சந்தேகம். சவூதியில இருந்து எடுக்குற புள்ளையோட கோல் சில நாள் இங்கத்த 07 நம்பர்ல வருது. அதுவும் மோசடியா? காசு போனவங்களுக்குத் திரும்பக் கிடைக்குமா?

---

பதில் 7: டயல்டோன்

07இல் வருவது இவர்களை ஏமாற்ற அல்ல. ‘சிம் பொக்ஸ்’ வேலை. மலிவான கோல் காட், ஆப் வழியாக எடுக்கும்போது அழைப்பு இன்டர்நெட்டில் இலங்கைக்கு வந்து, இங்கே ஒரு பெட்டியில் சொருகிய உள்ளூர் சிம்களில் ஒன்றிலிருந்து உங்களுக்கு வரும். வெளிநாட்டு முடிவிடக் கட்டணத்தைத் தட்டிக் கழிக்கும் வழி அது, அனுமதிப்பத்திரம் இல்லாமல் செய்வது சட்டவிரோதம். நட்டம் நெட்வேர்க்குக்கும் அரசாங்கத்துக்கும், தூக்கிப் பேசுபவருக்கு இல்லை. ஆனால் அந்த 07 நம்பரை மகளின் பெயரில் சேவ் பண்ண வேண்டாம். திருப்பி எடுத்தால் அவளுக்குப் போகாது, நாளைக்கு வேறொருவரின் கோல் அதே நம்பரில் வரும்.

காசு திரும்புவது கஷ்டம். கோல் உண்மையில் நடந்திருக்கிறது, உங்கள் நிறுவனமும் அடுத்த கேரியருக்குக் கடன்பட்டாகிவிட்டது. இருந்தாலும் அன்றைக்கே சொன்னால் அந்த நம்பர் வரிசையை அவர்கள் மூடலாம். நம்பர் முழுதாக, + உட்பட, திகதி, நேரம், எத்தனை செக்கன், வெட்டிய தொகை எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு முதலில் நெட்வேர்க்குக்கு எடுங்கள். கோல் லிஸ்ட்டை அழிக்க வேண்டாம். அவர்கள் கவனிக்காவிட்டால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, 1900.

---

பதில் 8: பதுளை055

கஸ்டமர் கேருக்கு எடுக்குறதுக்கு முன்னால ஒண்ணு கேட்டுக்கோங்க: சிம் யாரு பேர்ல இருக்கு? தோட்டத்துல பாதி சிம் கொழும்புல வேலை செய்யுற மகன் பேர்லயோ, முன்னால வித்தவன் பேர்லயோதான் இருக்கும். அடையாள அட்டை நம்பர் கேப்பாங்க, பொருந்தலைன்னா பின்னும் தரமாட்டாங்க, பாரிங்கும் போடமாட்டாங்க. மகன் பேர்ல இருந்தா மகனையே எடுத்துச் சொல்லச் சொல்லுங்க. யாரு பேருன்னே தெரியலைன்னா முதல்ல அடையாள அட்டையோட சர்வீஸ் சென்டர் போய் பேரை மாத்தணும், பூட்டு அதுக்கப்புறம்தான்.